கடல் கடந்த குலக்கொடி

அந்தமானிலிருந்து படிக்க வந்தவள் என்று நான் சொன்னதும் விடுதித் தோழியர் முதலில் கேட்பது சிறைச்சாலையைப் பற்றித்தான். 1896ஆம் ஆண்டு தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட போர்ட் பிளேயர்த் தனிக்கொட்டடிச் சிறையை அறியாதார் யார்? அங்கே செக்கிழுத்தோரையும் உயிர் நீத்தோரையும் நாடு போற்றுகின்றது. போற்றத்தான் வேண்டும். ஆனால், அதே போர்ட் பிளேயரில் சவுத் பாயின்ட் என்னும் இடத்தில் பெண்களுக்கென்று ஒரு சிறை இருந்ததைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கடல் கடந்து சென்ற ஆடவரின் கதை வரலாறாகின்றது. கடல் கடந்து சென்ற பெண்டிரின் கதையோ அடுக்களைப் பேச்சாகத் தேய்ந்து மறைகின்றது. இஃது எங்கள் தீவுக்கு மட்டும் உரிய குறையன்று. உலகெங்கும் உள்ள குறையே ஆகும்.

அந்தக் குறையிலிருந்து தப்பிய பெயர்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றை இம்மலரில் எழுத வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு நூலகத்தில் தோன்றவில்லை, துணிக்கடையில் தோன்றியது. சென்ற பொங்கலுக்கு என் அப்பாயிக்கு ஒரு கைத்தறிச் சேலை வாங்க எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்திற்குச் சென்றேன். கட்டடத்தின் பெயரைத் தலை நிமிர்ந்து படித்தேன். தில்லையாடி வள்ளியம்மை மாளிகை! பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாகப் படித்து மறந்த பெயர். யார் இந்தப் பெண்? எதற்காக இறந்தாள்? அவள் இறந்தது யாருக்காக? சேலையோடு இந்த வினாக்களையும் சுமந்துகொண்டு விடுதிக்குத் திரும்பினேன். பிறகுதான் நூலகத்திற்குப் போனேன்.

வள்ளியம்மையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, என் அப்பாயியின் வாழ்க்கையும் உடன் எழுந்து நின்றது. ஆகவே முதலில் அவளைப் பற்றிச் சில சொற்கள் சொல்லிவிடுகின்றேன்.

என் அப்பாயி இலங்கையில் கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவளைப் போன்ற இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கைப்படி ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. எண்ணிக்கை பேசிய அந்த மேசையில் ஒரு பெண்ணிடமாவது அவள் எங்கே இருக்க விரும்புகின்றாள் என்று கேட்டவர் உண்டா? தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களுள் சிலர் மீண்டும் கப்பலேறி, நிக்கோபார்த் தீவுக் கூட்டத்திலுள்ள கச்சாலுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே காட்டைத் திருத்தி ரப்பர்த் தோட்டம் எழுந்தது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையைச் சீவி, சிரட்டையில் பாலை இறக்கியவர்களுள் பெண்கள் பலர். அவர்களுள் என் அப்பாயி ஒருத்தி.

அவளிடம் அரசு கேட்ட கேள்விகளுள் எத்தனை மரம் வெட்டினாய் என்பது ஒருபோதும் இருந்ததில்லை. நீ யாருடைய மனைவி, அதற்குச் சான்று எங்கே என்பதுதான் கேள்வி. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஊரறியத் தாலி கட்டிய திருமணம் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? இந்தக் கேள்வி இருக்கின்றதே, இதுதான் வள்ளியம்மையின் வரலாற்றுக்கும் சாவி. எப்படி என்பதை இனிக் காண்போம்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற்குழுவினர் அதில் இருந்தனர். 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்பது ஆள் திரட்டியோர் பின்பற்ற வேண்டிய கணக்கு. பெண்ணை ஒரு மனிதப் பிறவியாக எண்ணாமல், ஆடவர் அமைதியாக வேலை செய்வதற்கு வேண்டிய ஒரு பொருளாக எண்ணிய கணக்கு அது. ஆயினும் அந்தப் பெண்கள் வெறும் துணையாகவா இருந்தார்கள்? கரும்புக் கொல்லையில் களை பறித்தார்கள், தேயிலை கிள்ளினார்கள், காய்கறி பயிரிட்டுத் தலைச்சுமையாக விற்றார்கள், மண்ணால் கோவில் எடுத்தார்கள், தாலாட்டில் தமிழைக் காத்தார்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் இந்தியர் அங்கேயே தங்கிவிடக்கூடாதென்று வெள்ளையர் கருதினர். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, தங்க விரும்புவோர்க்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தனர். 1903இல் பதினாறு வயது வந்த மகனுக்கும் பதின்மூன்று வயது வந்த மகளுக்கும் அவ்வரியை நீட்டினர். கணவன், மனைவி, மகன், மகள் என நால்வர் உள்ள குடும்பம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் மாதச் சம்பளமோ பத்து ஷில்லிங்கில் தொடங்கிப் பதினான்கு ஷில்லிங்கை எட்டுவது. இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். வரி கட்ட வழியின்றி மீண்டும் ஒப்பந்த அடிமைத்தளைக்கே திரும்பியோர் எண்ணற்றவர்.

ஒப்பந்தத்தில் சேராது, சொந்தச் செலவில் சென்று சிறு வணிகம் செய்த தமிழரும் அந்நாட்டில் இருந்தனர். டிரான்ஸ்வால் மாநிலத்துப் பொன்விளையும் நகரமாகிய ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்த முனுசாமி முதலியார் அத்தகையவர். அவர் மனைவி மங்களம். தஞ்சைத் தரணியின் கடலோரத்தில், தரங்கம்பாடிக்கு அண்மையில் உள்ள தில்லையாடி மங்களத்தின் ஊர். இவ்விருவருக்கும் மகளாக 1898 பிப்ரவரி 22ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள் வள்ளியம்மை.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். தில்லையாடி என்னும் ஊர்ப்பெயர் அவள் பெயரோடு இன்று பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. ஆனால் அவள் பிறந்தது தில்லையாடியில் அன்று. அவள் காலூன்றி நடந்த மண் ஆப்பிரிக்க மண். அவள் இறுதியில் கலந்ததும் அந்த மண்ணிலேயே. குடிபெயர்ந்தவர் மகளுக்கு இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று தாய் சொல்லும் கதையில் இருக்கும். மற்றொன்று கண்முன் இருந்தும் தன்னுடையதென்று சொல்ல உரிமை இராது. கச்சாலில் பிறந்த எனக்கு இது நன்றாகப் புரிகின்றது.

போராட்டத்தின் நடுவே வளர்ந்தவள்

வள்ளியம்மையின் குழந்தைப் பருவமே போராட்டப் பருவமாயிற்று. 1907இல் டிரான்ஸ்வால் அரசு ஆசியர் பெயர்ப்பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. குற்றவாளிகளைப் போலப் பத்து விரல் ரேகையும் பதித்து, அனுமதிச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். காந்தியடிகள் தலைமையில் அறப்போர் தொடங்கிற்று. 1908 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் ஆயிரக்கணக்கான சீட்டுகள் தீக்கு இரையாயின. அப்போது வள்ளியம்மைக்கு வயது பத்து.

அந்தப் போரில் தமிழர் முன்னணியில் நின்றனர். மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு பன்முறை சிறை சென்றார். சாமி நாகப்பன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் சிறைக் கொடுமையால் நோயுற்று, விடுதலையானபின் 1909 ஜூலை 6ஆம் நாள் உயிர்நீத்தார். வள்ளியம்மையின் தந்தையும் அறப்போர் வீரரே. ஆடவர் சிறைக்குள் இருந்த நாட்களில் கூடையைத் தலையில் ஏற்றி வணிகம் நடத்தியவர் யார்? பட்டினி கிடந்தும் பிள்ளைகளைக் காத்தவர் யார்? சிறைக்குப் போகாமலே சிறை வாழ்க்கை வாழ்ந்தவர்கள் அந்தப் பெண்கள். ஆனால் 1913 வரையில் போராட்டக் களத்தில் இறங்க அவர்களுக்கு அழைப்பில்லை.

ஒரு தீர்ப்பு

அந்த அழைப்பைக் கொடுத்தவர் ஒரு நீதிபதி! 1913 மார்ச் 14ஆம் நாள் கேப் மாநில உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். பலதார மணத்துக்கு இடந்தரும் சமயங்களின்படி நடந்த திருமணங்களைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்து, இசுலாமிய, பார்சிச் சமயத்தவர் திருமணங்கள் ஒரே நாளில் செல்லாதனவாயின. ஒரு கணவனுக்கு ஒரே மனைவியாக இருபது ஆண்டு வாழ்ந்தவளும் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லள். அவள் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் அல்லர். இந்தியாவிலிருந்து கணவனை நாடி வருபவளைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பலாம். தாலியை விற்றுப் பசியாறிய பெண்களிடம், அந்தத் தாலிக்கே பொருளில்லை என்று சொல்லிற்று தீர்ப்பு.

இதைப் படித்தபோது எங்கள் தீவின் பழங்கதை என் நினைவில் எழுந்தது. 1858 மார்ச் மாதம் மருத்துவர் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து போர்ட் பிளேயர்க் குடியிருப்பைத் தொடங்கினார். பின்னர்ப் பெண் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் பெண்கள் சிறையில் நூல் நூற்றுத் துணி நெய்தனர். சில ஆண்டுகள் கழிந்தபின், நன்னடத்தையால் தனியே வாழ உரிமை பெற்ற ஆண் கைதி ஒருவன் அவர்களுள் ஒருத்தியை மணக்கலாம். ஆனால் அதற்கு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் அவள் மனைவி, கிடைக்காவிட்டால் கைதி. இவ்வாறு சாதியும் மொழியும் கலந்து அமைந்த குடும்பங்களிலிருந்துதான் தீவில் பிறந்தோர் எனப்படும் எங்கள் பழைய சமுதாயம் தோன்றியது. அந்தச் சமுதாயத்தின் முதல் தாய்மாரின் பெயர்களைச் சொல்லும் கல் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தம், எங்கள் தீவில் தண்டனை, இலங்கையில் உடன்படிக்கை. காரணங்கள் வேறு, ஆனால் மூன்று இடத்திலும் ஒரு பெண்ணின் இல்லறம் ஓர் அதிகாரியின் பேனா முனையில் தொங்கியது.

தென்னாப்பிரிக்கப் பெண்கள் அதைப் பொறுக்கவில்லை. 1913 மே மாதம் ஜோகன்னஸ்பர்க் இந்தியப் பெண்கள் சங்கம் உள்துறை அமைச்சருக்குத் தந்தி அடித்தது. சட்டம் திருத்தப்படாவிட்டால் தாங்களும் சிறை செல்ல ஆயத்தம் என்பதை அத்தந்தி அறிவித்தது. அதைச் சங்கத்தின் சார்பில் அனுப்பிய செயலாளர் சோன்யா ஷ்லெசின் அம்மையார். மாஸ்கோவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறிய அவரும் வந்தேறியே என்பதை நினைவிற் கொள்வோம்.

பெண்கள் படை

செப்டம்பரில் கஸ்தூரிபா அம்மையார் உள்ளிட்ட பீனிக்ஸ் ஆசிரமக் குழுவினர் அனுமதியின்றி எல்லை கடந்து சிறைப்பட்டனர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தம்பி நாயுடுவின் மனைவியார் முதலிய பதினொரு பெண்கள் எதிர்த்திசையில் நேட்டாலுக்குள் நுழைந்தனர். ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் தமிழ்ப் பெண்கள். அறுவர் கையில் பால்குடிக் குழந்தைகள்! அவர்கள் நியூகாசில் நகரத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தமிழில் பேசி, மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். நெருப்பு பரவுவதைக் கண்ட அரசு அக்டோபர் 21ஆம் நாள் அப்பெண்களைச் சிறைப்பிடித்து மூன்று மாதத் தண்டனை விதித்தது. அதனால் நெருப்பு அணைந்ததா? ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் வெளியேறினர். நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகள் 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 குழந்தைகள் அடங்கிய படையோடு டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தார்.

இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், அக்டோபர் 29ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பெண்களின் இரண்டாம் அணி புறப்பட்டது. அதில் மங்களமும் அவர் மகள் வள்ளியம்மையும் இருந்தனர். அப்போது தந்தை முனுசாமி அறுவை மருத்துவம் செய்துகொண்டு படுக்கையில் கிடந்தார். நோயாளியை விட்டுச் செல்வது எளிதாக இருந்திருக்குமா? ஆயினும் தாயும் மகளும் புறப்பட்டனர்.

அன்பர்களே, இங்கேதான் நான் நெடுநேரம் நின்றேன். மூன்று பவுன் வரி நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு உரியது. ஜோகன்னஸ்பர்க் வணிகர் மகளாகிய வள்ளியம்மையை அது தொடவில்லை. தீர்ப்பு மணமானவர்களைத் தாக்கியது. பதினைந்து வயதுக் கன்னிப் பெண்ணாகிய அவளுக்கோ இன்னும் மணமாகவில்லை. அப்படியானால் அவள் எதற்காகப் போனாள்? அத்தீர்ப்பு செல்லுமானால் அவள் தாய் மங்களம் மனைவி இல்லை. வள்ளியம்மை முறையான மகள் இல்லை. முகந்தெரியாத கூலிப் பெண்ணொருத்தி பதின்மூன்று வயது மகளுக்கு வரி கட்டமுடியாமல் அழுவாளானால், அந்தச் சிறுமி வள்ளியம்மைக்குத் தங்கை. தனக்கு வந்த துன்பத்துக்குப் போராடுவது இயல்பு. தன் தாயின் மானத்துக்கும் பிறர் மகளின் பசிக்கும் போராடப் புறப்பட்டதுதான் அவள் பெருமை.

அவ்வணியினர் நேட்டாலின் பல இடங்களுக்குச் சென்றனர், கூட்டங்களிற் பேசினர், வரியின் தீமையை விளக்கி, வேலை நிறுத்தத்துக்குத் தொழிலாளரைத் திரட்டினர். டிசம்பர் மாதம் தாய்க்கும் மகளுக்கும் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

சிறையும் முடிவும்

அச்சிறையில் பெண்களுக்குக் கிடைத்த உணவு மிக இழிந்தது. வெளியிலிருந்து உணவு பெறவும் நெடுநாள் இடந்தரவில்லை. அவர்களுக்கு இட்ட வேலை துணி வெளுத்தல். வள்ளியம்மை தண்டனை பெற்ற சின்னாட்களிலேயே நோயில் விழுந்தாள். காய்ச்சல் அவளை உருக்கியது. நிலைமையைக் கண்டு அஞ்சிய சிறை அதிகாரிகள் காலத்துக்கு முன்பே விடுதலை செய்ய முன்வந்தனர். அவள் மறுத்துவிட்டாள். உடன் வந்த பெண்கள் உள்ளே இருக்கத் தான் மட்டும் வெளியேற அவள் மனம் ஒப்பவில்லை.

1914 தொடக்கத்தில் அவள் சிறையை விட்டு வெளிவந்தபோது உடம்பில் எலும்பும் தோலுமே எஞ்சியிருந்தன. காந்தியடிகள் அவளைக் காணச் சென்றார். போர்வைக்குள் கிடந்த நெடிய மெலிந்த உருவம் அவரைக் கலங்கச் செய்தது. சிறை சென்றதற்காக வருந்துகின்றாயா என்னும் பொருளில் அவர் கேட்டார். வருத்தம் இல்லை என்பதையும், மீண்டும் சிறைபுகத் தான் ஆயத்தம் என்பதையும் அவள் தெரிவித்தாள். இறப்பே நேருமானால் என்ன செய்வாய் என்று அவர் வினவ, தாய்நாட்டுக்காக இறப்பதைத் தான் விரும்பியே ஏற்பதாக விடையிறுத்தாள். 1914 பிப்ரவரி 22ஆம் நாள் வள்ளியம்மை மறைந்தாள். அன்று அவளுக்குப் பதினாறு வயது நிறைந்தது. பிறந்தநாளே இறந்தநாளாயிற்று.

அவள் சொன்ன தாய்நாடு எது? இந்தியா என்றே நாம் அனைவரும் கொள்கின்றோம். ஆனால் அவள் போராடியது தென்னாப்பிரிக்காவில் மானத்தோடு வாழும் உரிமைக்காக. தாயின் நாட்டுப் பெயரால், தான் பிறந்த நாட்டைத் தனக்குரியதாக்க முயன்றாள் என்றே எனக்குத் தோன்றுகின்றது. குடிபெயர்ந்தோர் மக்களுக்கு இரண்டு நாட்டின்மீதும் அன்பு இருக்க இயலாதா என்ன?

அவள் மறைந்த நான்கு மாதங்களில் அவள் கேட்டது கிடைத்தது. 1914 ஜூன் இறுதியில் காந்தியடிகளுக்கும் ஸ்மட்சுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. ஜூலையில் இந்தியர் துயர் தீர்ப்புச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறையில் இந்தியச் சமயங்களின்படி நடந்த திருமணம் செல்லும் என்றாயிற்று. மங்களம் மீண்டும் சட்டப்படி மனைவியானார். அதைக் காண மகள் இல்லை. ஜூலை 15ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் பிராம்பாண்டீன் இடுகாட்டில் காந்தியடிகள் முன்னிலையில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நினைவுக் கற்கள் திறக்கப்பட்டன. மூன்று நாட்களில் அடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். 1915இல் தமிழகம் வந்தபோது தில்லையாடிக்கும் சென்றார்.

உடன்பாடு எல்லாவற்றையும் தந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வாக்குரிமை கிட்டவில்லை. ஆப்பிரிக்க மக்களும் இந்தியரும் சமமாக நின்று வாக்களித்த நாள் 1994 ஏப்ரலிலேதான் வந்தது. வள்ளியம்மை இறந்து எண்பது ஆண்டுகள் கழித்து!

நினைவும் மறதியும்

வள்ளியம்மையின் பெயரால் ஒரு மண்டபம் எடுப்பதென்று தென்னாப்பிரிக்க இந்தியர் தீர்மானித்தனர். அத்தீர்மானம் செயலாகவில்லை என்பதைக் காந்தியடிகள் தம் நூலில் பின்னர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். தமிழகம் அக்கடனை ஒருவாறு தீர்த்தது. தில்லையாடியில் நினைவு மண்டபம் எழுந்தது. எழும்பூர் மாளிகை அவள் பெயரைத் தாங்கியது. 2008ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அஞ்சல்துறை அவள் உருவம் பொறித்த தலை வெளியிட்டது.

மகிழ்ச்சிதான். ஆயினும் ஒரு நெருடல் எனக்கு உண்டு. இறந்தவளை நாம் நினைக்கின்றோம். உடன் சென்று உயிரோடு திரும்பியவர்களை? சிறைக்கு மகளோடு சென்று, மகளின் உயிரைச் சிறைக்குக் கொடுத்து, வீடு திரும்பி நோயாளிக் கணவனுக்குக் கஞ்சி காய்ச்சிய மங்களத்தை நினைப்போர் எத்தனை பேர்? கைக்குழந்தையோடு சுரங்க வாயிலில் நின்று பேசிய அறுவரின் பெயர்களை நம்மில் எவர் அறிவர்? ஏடுகளிலும் அவர்கள் திருமதி இன்னார் என்று கணவர் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். மனைவியர் அல்லர் என்று கூறிய தீர்ப்பை வென்றவர்களுக்கு வரலாறு கொடுத்த இடம் மனைவியர் என்பது மட்டுந்தான்! வள்ளியம்மைக்குச் சொந்தப் பெயர் நிலைத்தது, அவள் மணமாகாத பெண் என்பதாலோ என்று சில வேளை எண்ணி வருந்துகின்றேன்.

இனி என் அப்பாயியிடம் திரும்புகின்றேன். நான் பிறந்த சில மாதங்களில், 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, நிலம் நடுங்கிக் கடல் எழுந்தது. நாட்டில் ஆழிப்பேரலையின் பேரழிவுக்கு ஆளான இடங்களுள் கச்சாலும் ஒன்று. அப்பாயி என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தான் நாள்தோறும் பால் வெட்ட ஏறிய மேட்டுக்கே ஓடினாள். அவள் வெட்டிய மரங்களுக்கிடையில் நாங்கள் பிழைத்தோம். தாத்தா திரும்பவில்லை. இராமேசுவரத்திலிருந்து காத்துவந்த காகிதங்கள் இருந்த தகரப்பெட்டியும் கடலோடு போயிற்று.

பிறகு ஓர் அலுவலக மேசையின் முன் அவள் நிறுத்தப்பட்டாள். இறந்தவர் உன் கணவர் என்பதற்குச் சான்று எங்கே என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. கேகாலைக் கோவிலில் தாலி கட்டியதைக் கண்டவர்களுள் பலரும் கடலுக்கு இரையாகியிருந்தனர். அவளோடு பால் வெட்டிய இரு பெண்கள் எஞ்சியிருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத அவ்விருவரும் மேசைமீது பெருவிரல் பதித்து, இவள் அவர் மனைவி என்று சான்றளித்தனர். அந்தச் சான்று பல மாத அலைச்சலுக்குப்பின் ஏற்கப்பட்டது. வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்களில் ரேகை சரியாக விழவில்லை என்று மேசைக்கு அப்பால் இருந்தவர் சலித்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அப்பாயி இன்றும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பொங்கல் விடுமுறையில் போர்ட் பிளேயருக்குச் சென்று சேலையைக் கொடுத்தபோது வள்ளியம்மையின் கதையையும் அவளுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் தாய் அப்புறம் என்ன ஆனாள் என்பதையே அவள் கேட்டாள். என்னிடம் விடையில்லை. நான் படித்த நூல்களில் மங்களத்தின் பிற்கால வாழ்வுக்கு ஒரு வரி இடங்கூட இல்லை.

தோழர்களே, தோழியரே! நம்முள் மலேயாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் அந்தமானிலும் உறவுடையோர் பலர். இந்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டு மூதாட்டியிடம் உட்காருங்கள். எந்தக் கப்பலில் வந்தாள், என்ன வேலை செய்தாள், அவள் திருமணத்தைக் கண்ட சாட்சி யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கணவர் பெயரால் அன்றி அவள் சொந்தப் பெயராலேயே எழுதுங்கள். மாளிகைக்குப் பெயரிட நம்மால் ஆகாது. ஒரு குறிப்பேட்டில் பெயர் எழுத ஆகும். வள்ளியம்மை தன் தாயின் பெயரைக் காக்கச் சிறை புகுந்தாள். நாம் ஒரு நாள் மாலைப்பொழுதைக் கொடுத்தால் போதும்.